மூன்றாம் மாடிக்கு ஏறாத வைஃபை

1

இந்தக் கதை ஹெல்மெட் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. தைவானில், யுவான்லின் ஊரில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் சூ-ஜென், என் தலைக்கு அளவு பார்த்துக்கொண்டே பாதியைச் சொன்னார். அதற்குள் வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டார். மறுபடி போய் மீதியைக் கேட்டிருக்கலாம். எழுதுகிறவனுக்குப் பாதி கிடைத்தாலே மிதப்பு வந்துவிடும், நான் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு..." வேண்டாம். தைவானைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே மழை வந்துவிடுகிறது.

இரண்டாவது: "கான்கிரீட்டைத் தாண்டாத அலைகளைப் போலவே மனித மனங்களும்..." இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

நேராகவே சொல்கிறேன். சூ-ஜென்னின் கணவர் யுங்-ஃபாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தான் குழறுவதைத் தெரு கேட்கக் கூடாதென்று ஏழு மாதமாக மூன்றாம் மாடியைவிட்டு இறங்கவில்லை. வாரம் ஒருமுறை ஹெ டீச்சர் கைபேசித் திரையில் வந்து பேச்சுப் பயிற்சி தருகிறார். வைஃபை பெட்டியோ கீழே கடையில். மூன்று வகுப்புகள் பாதியில் அறுந்துவிட்டன. இன்று மூன்று மணி வகுப்பும் அறுந்தால், அந்த நேரம் வரிசையில் காத்திருக்கும் வேறு நோயாளிக்குப் போய்விடும்.

3

சூ-ஜென்னின் கொழுந்தன் சிங்-யுவான், சிக்னலை வாங்கி மேலே கடத்தும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். படிக்கட்டில் வைத்துப் பார்த்தான். தேறவில்லை.

"அப்பா கட்டின தளம், அண்ணி. பூகம்பத்துக்குப் பயந்து கம்பியைக் கட்டுக் கட்டா எறக்கியிருக்காரு. சிக்னல் என்ன, எறும்புகூட நுழையாது."

கைபேசியும் கையுமாக மூன்றாம் மாடி முழுக்க நடந்தான். ஒரே ஓர் இடத்தில் சிக்னல் நன்றாக வந்தது. கடையின் திறந்த முகப்பு வழியே வெளியேறி, மேலே முன்னறை ஜன்னல் வழியாக நுழைந்துகொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்திருப்பது, செத்துப்போன பெரியவர்களைக் கும்பிடும் முன்னோர் மேடை. அங்கே சிவப்பு விளக்குகளுக்கான பிளக்கும் இருந்தது. தெருவுக்குக் கேட்கும் அந்த அறைக்கு யுங்-ஃபா வரமாட்டார், ஆனால் பெட்டியை அங்கே வைத்தால் அவருடைய பின்னறைக்கு சிக்னல் எட்டும்.

(வெளிச்சுவரில் கேபிள் இழுக்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: இழுக்கலாம். ஒரு வரைவில் இழுத்தும் பார்த்தேன். கதை ஆறு வரியில் முடிந்துவிட்டது. இந்த வரைவில் கேபிள் ஆட்கள் அடுத்த வாரம்தான் வருகிறார்கள்.)

4

முன்னோர் மேடையில் கேட்காமல் எதையும் வைக்க முடியாது. கேட்பதற்குப் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டு உண்டு. ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் முன்னோர் சிரிக்கிறார்கள், கேள்வி விளங்கவில்லை.

சூ-ஜென் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் துண்டுகளைப் போட்டார். சிரிப்பு. மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு.

"என்னன்னு கேட்டீங்க?" என்றான் சிங்-யுவான்.

"வைஃபை ரிப்பீட்டர் வைக்கலாமான்னு."

"கிழிஞ்சுது போங்க! அப்பா சாகறப்போ நம்ம வீட்ல ஒயர் போன்தான். அவருக்கு என்ன எழவு புரியும்?"

5

இந்த இடத்தில் முந்தைய வரைவுகளில் சூ-ஜென்னை அழவைத்தேன். அது பொய். என் தலையைத் தொட்டுப் பார்த்து, "உனக்குத் தனியா ஆர்டர் குடுக்கணும் தம்பி, உள்ள ஒண்ணும் இல்லாட்டியும் பெருசா இருக்கு" என்றவர் அவர். அப்படிப்பட்டவர் இடுப்பில் கைவைத்துத்தான் பேசியிருப்பார்.

"மாமா, புரியற மாதிரி சொல்றேன். உங்க பையனுக்குப் பேச்சு போயிருச்சு. சொல்லிக் குடுக்கற டீச்சர் தூரத்து ஊர்ல இருக்காங்க. அவங்க குரல் கடை வரைக்கும் வந்து நின்னுருது. மேல ஏற விடாதது நீங்க போட்ட தளம். குத்தம் சொல்லல. நிலம் ஆடினப்போ பக்கத்து வீடு சாஞ்சுது, நம்ம வீடு நின்னுச்சு. அதுக்குக் கையெடுத்துக் கும்பிடறேன். இப்ப இந்தப் பெட்டிக்கு உங்க பக்கத்துல கொஞ்சம் எடம் குடுங்க. ஏழு மாசமா அவர் வாயால என் பேரைக் கேக்கல மாமா."

கடைசி வாக்கியத்தில் மட்டும் அவர் குரல் உடைந்தது. அதை நான் எழுதவில்லை, அவராகவே உடைந்தார்.

6

பின்னறைக் கதவு திறந்தது. யுங்-ஃபா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, மனைவி கையிலிருந்த மரத்துண்டுகளை வாங்கிக்கொண்டார்.

"நீ போடறதுன்னா வாய் விட்டுச் சொல்லணும்ணே," என்றான் சிங்-யுவான் தயங்கி. "யார் கேக்கறதுன்னு சொல்லாம போட்டா செல்லாது."

யுங்-ஃபாவின் உதடுகள் கோணின. ஜன்னல் திறந்திருந்தது, கீழே தெரு இருந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

"அ... ப்பா," என்றார். நெடுநேரம் கழித்து, "சூ... ஜென்... கேக்கறா."

துண்டுகளை மேலே எறிந்தார்.

(முடிவு ஒன்று: சம்மதம், மூன்று மணிக்கு ஹெ டீச்சர் திரையில் தெளிவாக வருகிறார். முடிவு இரண்டு: மறுப்பு, சிங்-யுவான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிளக்கைச் சொருக... இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன்.)

துண்டுகள் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. எப்படி விழுந்தன என்பதை நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும். சூ-ஜென்னைக் கேட்டுப் பயனில்லை. அவர் தரையைப் பார்க்கவேயில்லை, கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.