அண்ணன் டேப்

"ஒம்பது கட்டத்தையும் தூக்குலே," என்றார் பிரம்மநாயகம். "உன் பொண்டாட்டி அளந்தது அத்தனையும் தப்பு."

மும்பை செம்பூரில் இருக்கும் எங்கள் அலுவலகம் அவருடையது. ஒரு காட்டை வெட்டினால் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கும் என்று கணக்கிட்டுத் தருவோம். இந்தக் காடு கல்குவாரிக்குப் போகிறது. முழுவதையும் அளக்க முடியாது. நாற்பது இடங்களில் கட்டம் கட்டி, மரங்களின் சுற்றளவை எடுத்து, மிச்சத்தை ஊகிக்கிறோம். ஊகம் எவ்வளவு பிசகலாம் என்பதையும் சதவீதமாக எழுத வேண்டும். குவாரிக்காரர்கள் இருபதுக்குள் கேட்டார்கள். எனக்கு முப்பத்தொன்று வந்தது. என் மனைவி முத்துமாரி அளந்த ஒன்பது கட்டங்களை நீக்கினால் பதினான்கு. பெரிய மரங்கள் அவள் கட்டங்களில்தான் இருந்தன.

ஆகஸ்டில் அளந்துவிட்டு வந்தாள். எலிக்காய்ச்சல். பதினோராம் நாள் இறந்தாள்.

பிரம்மநாயகம் அவளுடைய குறிப்பேட்டை என் மேசையில் எறிந்தார்.

"படி. 'டேப் ஓடையில் போயிற்று. இனி அண்ணன் டேப்.' தையக்காரன் டேப்பு! மரத்துக்கு அளவெடுத்தாளா, ஜாக்கெட்டுக்கா? காய்ச்சலோட என்னத்த எழுதினாளோ. அளவு தப்புன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"டேப்பைப் பார்க்கணும்."

"சுடுகாட்டுல தேடு."

அவள் பை தாராவியில், அவள் அண்ணன் செல்வத்தின் தையல் பட்டறையில் இருந்தது. பதினாறாம் நாளுக்குப் பிறகு நான் அங்கே போனதில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதோ உமக்கு?" மிஷினை நிறுத்தாமலே கேட்டார். "கொட்டுற மழையில அவளைக் காட்டுக்கு அனுப்பினீரு. இப்ப என்னத்துக்கு வந்தீரு?"

"அந்த டேப் வேணும்."

"தங்கச்சியக் குடுத்தேன், திரும்பி வரலை. டேப்பையும் குடுக்கணுமாக்கும்?"

நான் நின்றேன். செல்வம் எழுந்து, ஆணியில் தொங்கிய பையிலிருந்து எடுத்து என் நெஞ்சில் விட்டெறிந்தார்.

துணி வெட்டுகிற மேசையில் இரும்பு ஸ்கேல் கிடந்தது. அதன்மேல் டேப்பைப் பிடித்து, இரண்டு தடவையாக அளந்தேன். டேப்பில் நூற்றைம்பது என்று இருந்த இடம் ஸ்கேலில் நூற்றைம்பத்துநான்கு.

"அது பழசுவே. இழுத்து இழுத்து நீண்டு போச்சு. கட்டிங்குக்கு ஆவாதுன்னு போட்டிருந்தேன், அவ எடுத்துக்கிட்டா." ஸ்கேலை எட்டிப் பார்த்து, "என்ன, தப்பா எழுதிட்டாளா?"

"குறைச்சு எழுதியிருக்கா. மரங்கள் இன்னும் பெரிசு."

மிஷினுக்குத் திரும்பினார். ஆனால் மிதிக்கவில்லை.

"போம்," என்றார்.

அவள் அளந்த சுற்றளவுகளில் ஏறக்குறைய மூன்று சதவீதம் கூட்டினேன். அந்த மரங்களின் கார்பனில் அது ஏழாக ஏறியது. பெரிய மரங்கள் இன்னும் பெரிதானதால் மொத்தப் பிசகு முப்பத்துமூன்றானது. வெள்ளிக்கிழமை காகிதத்தைக் கொடுத்தேன்.

"பதினாலு கேட்டா முப்பத்துமூணு கொண்டாந்திருக்கே. நக்கலா?"

"டேப் தப்புதான். ஆனா தப்பு கூடுதல் பக்கம் இல்லை, குறைச்சல் பக்கம்."

"டேப்ப விடுலே. காய்ச்சக்காரி. கை நடுங்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன?"

"தெரியாததுக்குத்தான் முப்பத்துமூணு."

"வெளிய போ. நாளையிலேர்ந்து வராதே. சுரேந்திரன் போடுவான் கையெழுத்து."

அடுத்த மேசையில் சுரேந்திரன் தலையைத் தூக்கவில்லை. டேப்பையும் அலுவலகத்து இரும்பு ஸ்கேலையும் அவன் முன்னால் வைத்தேன்.

"ஒரு தடவை அளந்து பாரு. அப்புறம் போடு."

என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாதிப் படி இறங்கியிருப்பேன். மேலே பிரம்மநாயகம் கத்தினார்.

"தொடாதலே அதை!"