ஒலிவம் மறுத்த இருக்கை

குருடிமலையின் தோளில் கதிரவன் சாய்ந்து, உருளைக்கிழங்கு மூட்டைகளைச் சுமந்த ஊர்திகள் மேட்டுப்பாளையம் சாலையில் இரைந்திறங்க, பாலக்காட்டுக் கணவாயினின்று புகுந்த காற்று துடியலூரின் மாடிவீடுகளுக்கிடையே வழிதேடித் திரியும் ஞாயிற்றுக்கிழமை மாலைப்பொழுதில், அன்பும் அறிவும் சான்ற நண்பரே, அவ்வூர்க் கிறித்தவத் திருக்கோயிலின் பின்புறம் நீர் நடந்திருப்பீராயின், அரியதொரு தோப்பைக் கண்டிருப்பீர். அத்தியும் மாதுளையும், பேரீச்சையும் திராட்சையாகிய கொடிமுந்திரியும், இருபதாண்டு இலைவிட்டும் ஒருமுறையேனும் காய்த்திராத, ஆலிவ் என்னும் ஒலிவமும் அங்கே நின்றன. விவிலியம் பெயர்சொல்லும் மரங்களுள் கொங்கு மண் ஏற்றுக்கொண்டவை அவை. இன்று அங்கே ஒரு மரமும் இல்லை. அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லவே வந்தேன். சொல்லுமிடத்துச் சினம் மேலிட்டால் பொறுத்தருள்க.

அத்தோப்பை வளர்த்தவர் தேவவரம் என்னும் பெரியவர். பீளமேட்டுக் கல்லூரியொன்றில் நிலைத்திணை நூலாகிய தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்று, மனைவியை இழந்து, பிள்ளைகள் கடல்கடந்து போனபின் எஞ்சிய அன்பையெல்லாம் அம்மரங்களின் வேரில் ஊற்றியவர். ஞாயிறு மாலைதோறும் திருச்சபையின் சிறுவரும் பெரியவரும் அவரைச் சூழ, மரத்துக்கு மரம் நின்று பொருளுரைப்பார். முதல் மாந்தர் தம் நாணத்தை மறைத்தது அத்தியிலையால் என்பார். பெருவெள்ளம் வடிந்ததைப் புறா அறிவித்தது ஒலிவத்தின் இலையால் என்பார். தோட்டத்தில் ஒரு மரத்தினால் வந்த கேட்டைக் குன்றின்மேல் சிலுவையாய் நின்ற மற்றொரு மரம் சுமந்து தீர்த்ததென்று சொல்லும்போது மட்டும் அருகிருக்கும் மரத்தின்மேல் கை வைத்துக்கொள்வார். அந்த ஒருமணி நேரத்திற்காகவே அவர் வாரம் முழுதும் உயிரோடிருந்தார் என்றாலும் மிகையாகாது.

இத்தகைய தோப்பின்மேல் சிலர் கண் விழுந்தது. மரங்களை நீக்கித் திருமணக் கூடம் எழுப்பினால் திருச்சபைக்கு வருவாய் பெருகுமென்று பேச்சு பரவிற்று. திருச்சபையின் செயலராக எவர் அமர்கிறாரோ அவர் கையில்தான் தோப்பின் உயிர் என்பது வெளிப்படை. ஆகவே ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுவாரம் நிகழவிருந்த செயலர் தேர்தலில், தேவவரமே அப்பொறுப்பை ஏற்கவேண்டுமென்று பலரும் விரும்பினர். அவரோ தேர்தலன்று காலை, முப்பதாண்டு நண்பரும் எந்திரத் தொழில் நடத்துபவருமான மோகன்குமாரை அத்தி நிழலுக்கு அழைத்துச்சென்று மனம் திறந்தார்.

"எனக்கு இந்த நாற்காலியெல்லாம் ஒத்து வராதுங்க, தம்பி. நீங்க இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்."

"அண்ணா, நான் இருக்கற வரைக்கும் இதுல ஒரு கெளையில கூட யாரையும் கை வெக்க உடமாட்டனுங்க" என்று மோகன்குமார் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

அச்சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் முன்மொழியப்பட்டவர் எழுந்து, எனக்கெதற்கு, வேறொருவரைப் பாருங்கள் என்று இருமுறை மறுக்கவேண்டும். மூன்றாம் முறை வற்புறுத்தும்போது தலைதாழ்த்தி இசையவேண்டும். தாமாகக் கேட்டவர் எவரும் அங்கே இதுவரை இருந்ததில்லை. மறுக்காமல் இசைந்தவரும் இல்லை. தேவவரத்தின் பெயர் முன்மொழியப்பட்டது. அவர் இருமுறை மறுத்தார். மூன்றாம் முறையும் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், மறுப்புக்கு அணியாக விவிலியத்து மரக்கதையையும் எடுத்துவிரித்தார். மரங்களெல்லாம் தமக்கோர் அரசனை நாடி ஒலிவத்தை அழைக்க, என் எண்ணெயை விட்டு வருவேனோ என்றதாம். அத்தியை அழைக்க, என் இனிமையை விடுவேனோ என்றதாம். கொடிமுந்திரியும் அவ்வாறே விலக, இறுதியில் முட்செடியே முடிசூடிற்றாம். "நல்ல மரம் நாற்காலிக்கு ஆசப்படாதுங்க, ஆசப்பட்டு வர்றது முள்ளுதானுங்க" என்று முடித்து அவர் அமர்ந்தபோது அவை நெகிழ்ந்து போயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த நெகிழ்ச்சி அவருக்கு இனித்தது. அடுத்து மோகன்குமாரின் பெயரை அவரே முன்மொழிந்தார். மோகன்குமார் முறை வழுவாமல் இருமுறை மறுத்து, மூன்றாம் முறை கைகூப்பி இசைந்தார்.

நான்கு திங்கள் கழிந்தன. தாராபுரத்தில் தேவவரத்தின் தங்கை மகளுக்குத் திருமணம் வந்தது. "நம்ம கார்லயே போங்ணா. அவசரப்படாம மூணு நாளு இருந்துட்டு வாங்க" என்று மோகன்குமார் ஊர்தியையும் ஓட்டுநரையும் அனுப்பிவைத்தார். நண்பரின் பரிவை வழியெல்லாம் வியந்துகொண்டே சென்ற தேவவரம், நான்காம் நாள் முற்பகலில் திரும்பி, பெட்டியையும் வீட்டில் வைக்காமல் நேரே தோப்புக்கு வந்தார். மாதுளை இல்லை. பேரீச்சை இல்லை. ஒலிவம் துண்டுகளாக வண்டியில் கிடந்தது. மதிலோரத்து அத்தி ஒன்றே நிற்க, அதன் அடியில் மரம் அறுக்கும் கருவியோடு ஆட்கள் அமர்ந்திருந்தனர். தேவவரம் நின்ற இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

உக்கடத்தில் மரக்கடை வைத்திருக்கும் அக்பர் அலி என்பவர், அறுக்கும் பணியை ஏற்றவர், பதறி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

"உங்க ஈஸ்டருக்கு முன்னாடியே பேசி முடிச்சதுங்க, சார். உங்களுக்கும் சம்மதம்னுதானுங்க மோகன்குமார் சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா நான் ரம்பத்த எறக்கியிருக்கவே மாட்டனுங்க. இந்த அத்தி நிக்கட்டும். உங்க சபையில பேசி ஒரு முடிவு சொல்லுங்க, அப்புறம் வாரேன்."

அத்தி நிழலில் கைப்பற்றி உறுதி சொன்ன நாளுக்கு முன்பே மரங்கள் விலைபேசப்பட்டிருந்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று. கேட்கச் சென்றவரை மோகன்குமார் வாசலுக்கு வந்து வரவேற்று, பருகக் குளம்பி கொடுத்து அமரவைத்தார். "தப்பா நெனைக்காதீங்க, அண்ணா. சபைக்கு நல்லது பாத்துத்தான் செஞ்சுபோட்டேன். உங்க மனசு தாங்காதுன்னுதான் கல்யாணத்துக்கு அனுப்பி வெச்சேன். நீங்க வேண்டாம்னு ஒதுங்குன எடத்துக்குத்தானுங்க நான் வந்தேன்" என்றார். குரலில் சிறிதும் கடுமை இல்லை. வஞ்சகம் இவ்வளவு பணிவாகப் பேசும் என்பதைத் தேவவரம் அறுபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டார்.

மறு ஞாயிறு திருச்சபை கூடிற்று. அத்தியின் முடிவு அன்று தெரிந்துவிடும். மோகன்குமார் எழுந்து, "எம்மேல யாருக்காச்சும் வருத்தம் இருந்தா நான் எறங்கிக்கறனுங்க. வேற யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்று கூறி அமர்ந்தார். எவர் பெயரையும் எவரும் சொல்லவில்லை. சபையை நடத்தும் ஆயர் இருமுறை கேட்டார். அப்போது தேவவரம் எழுந்தார். இரவெல்லாம் அவர் எண்ணிப் பார்த்திருந்தார்: முள் முடிசூடியது முள்ளின் திறத்தால் அன்று, இனிய மரங்கள் தத்தம் இனிமையைக் காத்துக்கொண்டு விலகியதால்தான். இருபதாண்டு சொல்லிவந்த கதையைத் தாம் தலைகீழாகவே சொல்லிவந்ததை உணர்ந்து வெட்கினார்.

"நான் இருக்கறனுங்க" என்றார். "எனக்கே குடுங்க. அந்த ஒரு மரமாச்சும் நிக்கட்டும்."

அவை துணுக்குற்றது. பெண்கள் தலைகுனிந்தனர், இளைஞர் சிலர் ஒருவரையொருவர் பார்த்து நகைத்தனர். பெரியவர் ஒருவர் மானமிழந்து நிற்பதைக் காணப்பொறாமல், சிறுமியாய் இருந்த நாள்முதல் அவர் உரை கேட்டு வளர்ந்தவளும் இப்போது பள்ளியாசிரியையுமான லோகப்பிரியா எழுந்தாள். அவள் கண்களில் நீர் இருந்தது.

"சாருங்க, ஆசப்பட்டு வர்றது முள்ளுன்னு நீங்கதானுங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. உங்களுக்கு இது வேண்டாமுங்க. உக்காருங்க."

அன்பினால் சொன்ன சொல் அது. அதன்பின் அவரை வழிமொழிய ஒருவரும் இல்லை. அவள் பிழையாகச் சொல்லவில்லை, அவர் சொன்னதைத்தான் சொன்னாள் என்பதால் அவரும் அமர்ந்தார். அத்தியை மறுநாள் வெட்டினர். அக்பர் அலி வரவில்லை. வேறு ஆட்கள் வந்தனர்.

பகைவன் கெடுத்தால் பகையென்று சொல்லி நெஞ்சு ஆறும். நண்பன் கெடுத்தால் நட்பையே பழிக்கவேண்டியிருக்கும். தன் நாவே தனக்கெதிராக நின்று, தான் பழக்கிய நல்லவர்களே அதை எடுத்து ஆள்வார்களாயின், மாந்தன் எவரைத்தான் நோவது? பத்து நாள் கழித்து மோகன்குமார் திருமணக் கூடத்தின் அடிக்கல் நாட்டு விழா அழைப்போடு வந்தார். அதில், முன்னிலை வகிப்போர் வரிசையில் முதலாவதாக, பேராசிரியர் தேவவரம் என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. அவரை எவரும் கேட்டிருக்கவில்லை. கிழித்தெறிய வேண்டுமென்று அவர் எண்ணியதை நான் அறிவேன். ஆயினும் அறுபத்தெட்டாண்டுப் பழக்கம் வலிது; இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "வாரனுங்க, தம்பி" என்றார்.