மாவு இருந்தால் மிட்டாய் இல்லை

ஜனவரி முதல் தேதியிலிருந்து அரசாங்க உணவு அட்டையில் மிட்டாயும் வாங்க முடியாது, சோடாவும் வாங்க முடியாது என்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சட்டம் வந்தபோது, ஷிப்லி மளிகைக் கடையின் கல்லாவில் நிற்கும் நதீன் அதை நல்ல சட்டம் என்றுதான் நினைத்தாள். பன்னிரண்டு வருடமாக அவள் அங்கே நிற்கிறாள். மாதப் பிறப்பில் அட்டையில் பணம் ஏறியதும் தள்ளுவண்டி நிறைய சோடாப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வருகிறவர்களையும், அவர்கள் பின்னால் முன்பல் கறுத்து வரும் குழந்தைகளையும் பார்த்து அலுத்திருந்தாள். அவள் மாமனாருக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. அந்த நோயைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்: இனிப்பு ஆளைத் தின்னும். யாராவது ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள்.

அந்த யாராவது ஒருத்தர் தானேதான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

கடை முதலாளி லைல் டிசம்பர் கடைசியில் ஒரு தாளை அச்சடித்துக் கல்லாவின் உள்பக்கம் ஒட்டினார். எது செல்லும், எது செல்லாது என்ற பட்டியல். நதீன் அதை இரண்டு முறை படித்தாள்.

"இது என்ன, வேஃபர் சாக்லேட்டு செல்லும், பட்டர்ஸ்காட்ச் செல்லாதா?"

"வேஃபர்ல கோதுமை மாவு இருக்கு. மாவு இருந்தா அது மிட்டாய் இல்ல."

"வேற என்னவாம்?"

"சாப்பாடு. வரிச் சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கான். ரொட்டி வகையறா."

"அப்போ இந்த ஓட்ஸ் கட்டி? பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கொடுத்து விடறாங்களே."

"அதுல மாவு இல்ல. மேல சாக்லேட்டு ஒட்டியிருக்கு. அது மிட்டாய்." லைல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைப் பாக்காத, நதீன். நான் எழுதல. மெஷின் கத்துனா எடுத்து வெச்சிடு, அவ்வளவுதான். யாரோடயும் வாதம் பண்ணாத."

ஓர்வி டெஸ்டால் வந்தது அடுத்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. அறுபத்தொரு வயது. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் தோள்பட்டை தேயும்வரை வேலை பார்த்தவர். இருபது வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். இரண்டு வருடம் முன்பு வண்டி ஓட்டும்போது சர்க்கரை இறங்கி, அடுத்தவன் சோளக்கொல்லைக்குள் லாரியை விட்டுவிட்டார். உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். அதிலிருந்து எங்கே போவதென்றாலும் நடைதான். சர்க்கரை இறங்கினால் உடனே கடித்துக்கொள்ள, கோட்டின் வலதுபக்கப் பையில் எப்போதும் பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் இருக்கும். போன கோடையில் கடைக்குள்ளேயே அவர் முகம் வெளுத்து வியர்த்ததையும், நாலு மிட்டாயைக் கடகடவென்று கடித்து விழுங்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் தர்பூசணிப் பழத்தின் விலையைக் கேட்டு லைலை வம்புக்கு இழுத்ததையும் நதீன் பார்த்திருக்கிறாள்.

ரொட்டி, முட்டை, டப்பாவில் அடைத்த பீன்ஸ், கோழிக்கால், ஒரு பை பட்டர்ஸ்காட்ச். கடைசிப் பொருளுக்கு மெஷின் கத்தியது. திரையில் சிவப்புக் கோடு.

"இது கார்டுல ஏறாது, ஓர்வி. புதுச் சட்டம்."

"நான் குண்டாயிடுவேன்னு கவலைப்படறாங்களா?" இடுப்புப் பட்டையைப் பிடித்துக் காட்டினார். அதில் ஆணியால் குத்திய புதிய ஓட்டைகள் இரண்டு இருந்தன.

வரிசையில் நின்ற மாவு மில் ஆட்கள் இருவர் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண், அழும் குழந்தையோடு. அதற்கும் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"சர்க்கரை கார்டுல ஏறும்," என்றாள் நதீன். "வெறும் சர்க்கரை. அதுக்குத் தடையில்ல."

"நல்லா இருக்கு. வெள்ளைப் பொடியைப் பொட்டலம் கட்டி பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நான் ரோட்டுல நடக்கறேன். ஷெரிஃப் பிடிச்சு உள்ள வெச்சா நீ வந்து ஜாமீன் எடு."

மில் ஆட்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஓர்வி தன் பணப்பையைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. அதில் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அது நதீனுக்கும் தெரிந்துவிட்டது.

"ஒன்னரை டாலர்தான். நான் போட்டுடறேன்," என்றாள்.

"வேண்டாம்மா. நாள் பூரா நிக்கற பொம்பளைகிட்ட வாங்கித் திங்கற அளவுக்கு நான் போகல."

"பரவால்ல, நான் போடறேன்."

"வேண்டாம், வேண்டாம்."

அந்த ஊர்ப்பக்கம் யார் எதை நீட்டினாலும் முதல் முறை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் முறையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் முறை கேட்டால்தான், 'நீங்க இவ்வளவு சொல்றதுனால' என்று கை நீட்டுவார்கள். காபியிலிருந்து கடைசித் துண்டு கேக் வரைக்கும் அப்படித்தான். முதல் இரண்டு வேண்டாம்களும் மரியாதைக்கு. கேட்கிறவருக்கும் அது தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த நதீன் இதுவரை யாரையும் இரண்டோடு விட்டதில்லை.

குழந்தை வீறிட்டது. லைல் இறைச்சிப் பகுதியிலிருந்து எட்டிப் பார்த்தார். நதீன் கல்லாவின் பக்கத்துத் தட்டிலிருந்து வேஃபர் சாக்லேட்டை எடுத்தாள். ஒரு நொடியில் தோன்றிய யோசனை. அப்போது அவளுக்கு அது கெட்டிக்காரத்தனமாகக்கூடப் பட்டது.

"இதை எடுத்துக்கோங்க. மாவு இருக்கு. சாப்பாடுக் கணக்குல ஏறிடும்."

ஓர்வி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சாக்லேட்டு கொஞ்சம் சோம்பேறி. வேலைக்கு மெதுவாத்தான் வரும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றாள் நதீன்.

அவர் சிரித்தார். இன்னும் ஐந்தை எடுத்து வைத்தார். மெஷின் கத்தவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் ஒரு முறை நின்றார். கையுறை மாட்டத்தான் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நதீன் அடுத்தவரின் பொருளை எடுத்து ஸ்கேனரில் காட்டினாள்.

பதினோரு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு, பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அவரைக் கண்டார். சர்ச்சின் கீழ்த்தளத்தில் செவ்வாய்தோறும் நடக்கும் சீட்டாட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தவர், பாதி வழியில், யாருடையதோ தபால்பெட்டிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேருந்துக்குள்ளிருந்த பிள்ளைகள் முதலில் கையாட்டினார்களாம். பனி அதிகமில்லை. குளிர்தான் பூஜ்யத்துக்கு வெகு கீழே. காலடியில் மூன்று சாக்லேட் உறைகள் கிடந்தன. நாலாவது பாதி கடித்தபடி கையுறையில் ஒட்டியிருந்தது.

அவரை எடுத்துப்போன ஆம்புலன்ஸ் ஆள் மறுநாள் காலை காபி வாங்க வந்தான். நதீன் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"சாக்லேட்டுல கொழுப்பு இருக்குல்ல, அது சர்க்கரையைப் பிடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துல சட்டுனு சேராது. அதுக்குள்ள ஆள் மயங்கிட்டா குளிர் பாத்துக்கும். நாப்பது வருஷமா ஊசி போடறவருக்கு இது தெரியாதா? எனக்கு அதான் புரியல."

"தெரியும்," என்றாள் நதீன்.

"என்னது?"

"மூடி அங்க இருக்கு. காபிக்கு."

ஊர் தனக்குத் தெரிந்த விதத்தில் அதைப் புரிந்துகொண்டது. உடம்பு முடியவில்லை, வண்டியும் போச்சு, தனி ஆள், அவராகவே போதும் என்று விட்டுவிட்டார் போல. யாரும் உரக்கச் சொல்லவில்லை. அடக்கத்தன்று பாதிரியார் ஜெபத்துக்கு நடுவே, "களைத்துப்போன ஒருவர் இளைப்பாறப் போயிருக்கிறார்" என்றபோது பல தலைகள் மெல்ல அசைந்தன. நதீன் உருளைக்கிழங்குப் பதார்த்தம் ஒன்று செய்து கொண்டுபோயிருந்தாள். அதைக் கீழ்த்தளத்து மேஜையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். யாரிடம் சொல்வது, எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சட்டம் அவள் எழுதியதல்ல. மீதி ஐந்து சாக்லேட்டை எடுத்து வைத்தது அவர்தான். அவரே சோம்பேறி என்று சொன்னாரே. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி முடிக்கும்போதெல்லாம் கதவருகே அவர் நின்ற நிலை வந்து அடுக்கைக் கலைத்தது. கையுறை அவர் கையில் ஏற்கெனவே மாட்டியிருந்தது.

பிப்ரவரியில் ஓர்வியின் தங்கை மார்லிஸ் வீட்டைக் காலி செய்ய வந்தாள். முப்பது மைல் தள்ளி ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை. அண்ணனைப் போலவே நீளமான முகம், அதே மெதுவான நடை. குப்பைப் பை, பிளீச்சிங் திரவம், துடைக்கிற துணி என்று எடுத்துக்கொண்டு மதியம் ஆளில்லாத நேரத்தில் கல்லாவுக்கு வந்தாள். பொருள்களைக் கீழே வைத்தவள் பணத்தை எடுக்கவில்லை.

"நீதானே நதீன்? உன்னைப் பத்தி அவன் சொல்வான். கடையில பேச்சுக் கொடுக்கற ஒரே ஆள்னு."

"அவர்தாங்க பேசுவாரு."

"உன்கிட்ட ஒன்னு கேக்கணும். அவன் கோட்டுல எப்பவும் பட்டர்ஸ்காட்ச் இருக்கும். எங்கம்மா காலத்துல இருந்து. அவன் படுக்கை பக்கத்துல, பாத்ரூம்ல, எல்லா இடத்துலயும் இருக்கும். இப்போ வீடு பூரா தேடிட்டேன். ஒன்னுகூட இல்ல. வெறும் சாக்லேட்டு." அவள் குரல் தாழ்ந்தது. "கிறிஸ்மஸுக்குப் போன்ல பேசும்போது, சலிப்பா இருக்கு மார்லிஸ்னு சொன்னான். எனக்குக் கிச்சன்ல வேலை இருக்கு, வெச்சிடறேன்னு வெச்சிட்டேன். அடுத்த மாசமே மிட்டாயை எல்லாம் தூர எறிஞ்சிட்டு, வேலைக்கு ஆகாததை வாங்கி வெச்சிருக்கான். அவனா முடிவு பண்ணிட்டானா? உன்கிட்ட எதாவது சொன்னானா?"

நதீன் குப்பைப் பையை எடுத்து ஸ்கேன் செய்யப் போய், கையை நிறுத்தினாள். இல்லை என்று சொல்லிவிடலாம். அது பொய்கூட ஆகாது, அவர் எதுவும் சொல்லவில்லைதான். மார்லிஸ் இந்தப் பைகளில் அண்ணனின் சட்டைகளை அடைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். அப்புறம் அவள் இந்தக் கடைக்கு வர எந்தக் காரணமும் இருக்காது.

"அவர் எறியலைங்க," என்றாள். "கார்டுல ஏறல. ஜனவரியில இருந்து மிட்டாய்க்குத் தடை. அன்னிக்குக்கூட ஒரு பை எடுத்துட்டு வந்தாரு. நான்தான் எடுத்து ஓரமா வெச்சேன்."

மார்லிஸ் கல்லா பக்கத்துத் தட்டிலிருந்த சாக்லேட்டுகளைப் பார்த்தாள்.

"சாக்லேட்டைக் கொடுத்தது நான். மாவு சேர்ந்தது ஏறும்னு. அது மெதுவாத்தான் வேலை செய்யும்னு சொன்னாரு. நான் அதை வெச்சு ஜோக் அடிச்சேன்."

"அவன்கிட்ட காசு இல்லையா?"

"இல்ல. நான் போடறேன்னு சொன்னேன். வேண்டாம்னாரு."

"எத்தனை தடவை கேட்ட?"

இந்தக் கேள்வி வரும் என்று நதீனுக்குத் தெரிந்திருந்தது. வேறு ஊரிலிருந்து வந்தவள் யாராவது இதைக் கேட்டிருந்தால், சரி, கேட்டாயே, அதுவே பெரிசு என்று சொல்லியிருப்பாள்.

"ரெண்டு."

மார்லிஸ் கல்லாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறைச்சிப் பகுதியில் லைல் கத்தியைத் தீட்டுவது நின்றிருந்தது.

"அப்போ அவன் வாங்கிக்கத்தான் நின்னிருக்கான்," என்றாள் மார்லிஸ்.

"ஆமாங்க."

"சாக மனசு இருந்தவன் மிட்டாய்க்காக நிக்க மாட்டான்."

"மாட்டாருங்க. கதவுகிட்டகூட நின்னாரு. நான் பாத்துட்டு குனிஞ்சிட்டேன்."

மார்லிஸின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அதே இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. நதீனைப் பார்க்கிற பார்வை மாறியிருந்தது. அதில் கோபம் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைத் தவிர்க்கிற பார்வை. பணத்தை எடுத்து நீட்டினாள். நதீன் மீதியைக் கொடுத்தபோது, விரல் படாமல் வாங்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்கு வரேன். வழிபாடு முடிஞ்சு கீழே காபி குடிக்க எல்லாரும் இருப்பாங்க. பாதிரியாரும் இருப்பாரு. நீ இதைச் சொல்லணும். எனக்குச் சொன்ன மாதிரியே."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"எல்லாரும்தானே அவனா போயிட்டான்னு தலையாட்டினாங்க."

நதீன் இறைச்சிப் பகுதிப் பக்கம் பார்த்தாள். லைல் அங்கேயே நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை சம்பளப் பட்டியலை அவர்தான் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அவரும் சர்ச்சுக்கு வருவார், வாசலுக்குப் பக்கத்து மேஜையில் உட்காருவார். அவருக்கு இரண்டு மேஜை தள்ளி அந்த மில் ஆட்கள்.

"சொல்றேன்," என்றாள்.

மார்லிஸ் பைகளை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினாள்.

"கேக்கவே இல்லன்னு சொல்லிடாத. உனக்கு அது சுலபமா இருக்கலாம், மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம். ரெண்டு தடவை கேட்டேன்னு சொல்லு. அப்பதான் அவங்களுக்குப் புரியும்."

அவள் போன பிறகு லைல் கையைத் துடைத்துக்கொண்டே கல்லாவுக்கு வந்தார். என்னவாம் என்று கேட்டார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. நதீன் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில், இனி அட்டையில் செல்லாதவற்றின் வரிசையை மேலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். அது முக்கால் பக்கம் நீண்டது.