ஐந்தாவது கதவு

கோடை முகாமின் குளியலறைகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வலிப்பு வரும் பிள்ளைகள் குளித்து முடிக்கும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் வெளியே காத்திருக்கும் அம்மா உள்ளே பாய்வாள்.

ஜூலையிலும் குளிரில் பல் கிட்டும் மியோசா ஏரியில் நீந்திவிட்டு வந்த நான்கு பிள்ளைகள் நான்கு அறைகளில் கத்திப் பாடினார்கள். பெஞ்சில் தூருனோடு சேர்த்து நான்கு அம்மாக்கள். பக்கத்தில் முகாமின் சமையல்காரி ராக்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் மக தொண்டைக்கு ஏரித்தவளையே தேவலாம்டி, தூருன்," என்றாள் ராக்னா.

"கத்தட்டும். கத்துறவரைக்கும்தான் எனக்கு நிம்மதி."

சட்டென்று எல்லாப் பாட்டும் ஒன்றாக நின்றது.

தூருன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். தலை நிறைய நுரையோடு இல்வா சிரித்துக்கொண்டு நின்றாள். "நாங்க நாலு பேரும் பேசி வச்சு நிறுத்தினோம்! பயந்துட்டியாம்மா?"

"அறிவிருக்காடி உனக்கு?" அடிக்க ஓங்கிய கையால் மகளைக் கட்டிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது உருளைக்கிழங்குகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. யாரும் குளிக்காத ஐந்தாவது அறை திறந்திருந்தது. போன கோடையில் ராக்னாவின் மகன் பாடிய அறை அது. பனிக்காலத்தில் அவனைப் புதைத்தாகிவிட்டது. அதன் காய்ந்த தரையில் முழங்காலிட்டிருந்த ராக்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு இல்ல தூருன். அஞ்சு பாட்டு நின்னுச்சு."