காசியம்மாவின் தலைவலி

கோட்டுச்சேரி காசியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். போதும் என்று கருத்தடை ஆபரேஷனுக்கு வந்திருந்தாள். மயக்க மருந்து டாக்டர் திரிபுரசுந்தரி பார்க்க வந்தபோது, காசியம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விடிஞ்சா தலை வெடிக்குதும்மா. வாந்தி வேற. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

"பயத்துல நடிக்கிறா டாக்டரம்மா. நேத்து கன்னத்துல ஒரு அறை விட்டுத்தான் கூட்டியாந்தேன்" என்றான் புருஷன் முத்தையன்.

திரிபுரசுந்தரிக்குச் சந்தேகம் தட்டியது. மூளையில் கட்டி இருந்தால்? நேரே சர்ஜன் சுவாமிநாதனிடம் போனாள்.

"இந்தக் கேஸ் வேண்டாம் சார். தலைக்குள்ள அழுத்தம் கூடியிருக்குன்னு தோணுது. ஹாலோத்தேன் மயக்க வாயு குடுத்தா மூளை ரத்தக்குழாய் இன்னும் விரியும். நீங்களும் வயித்துல காத்தை ஏத்தி, தலையைத் தாழ்த்திச் சாய்ப்பீங்க. தாங்கமாட்டா."

1983ஆம் வருஷம் அது. சின்னத் துளை வழியே வயிற்றுக்குள் ஆபரேஷன் செய்ய உதவும் லேப்ராஸ்கோப் கருவி அந்த மருத்துவமனைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேடிக்கை பார்க்க வெளியூர் டாக்டர்கள் கூடியிருந்தார்கள்.

"பட்டிக்காட்டுப் பொம்பளைக்குத் தலைவலி இல்லாத நாள் எது? பயமா இருந்தா சொல்லுங்க, வேற ஆளை வெச்சுக்கறேன்" என்றார் அவர், எல்லோர் காதிலும் விழும்படி. கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் பணிந்தாள். காசியம்மாவின் முகத்தில் முகமூடியை வைத்தாள்.

வயிறு உப்பியது. மேசை தலைப்பக்கம் சரிந்தது. சற்று நேரத்தில் நாடித்துடிப்பு குறைந்தது. ரத்த அழுத்தமோ எகிறியது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். வலது கண்ணின் பாப்பா அகல விரிந்து கிடந்தது. டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. உள்ளே மூளை நசுங்கத் தொடங்கிவிட்டது.

ஹாலோத்தேனை மூடினாள். "நிறுத்துங்க சார்! காத்தை இறக்குங்க, மேசையை நிமிர்த்துங்க!"

"ஒரு கருக்குழாய்க்குத்தான் வளையம் போட்டிருக்கேன். இன்னொண்ணு பாக்கி."

போட்டார். வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார். மூச்சுப் பையை அழுத்தி அழுத்தித் திரிபுரசுந்தரியின் கை மரத்துப்போனது. இடது கண்ணும் விரிந்தது.

வெளியே வந்த சுவாமிநாதன் முத்தையனின் தோளைத் தட்டினார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மயக்க மருந்துதான் ஒத்துக்கலை. அந்த அம்மாவைக் கேட்டுக்கப்பா."

முத்தையன் திரிபுரசுந்தரியிடம் வந்தான். பழி சொல்லப் போகிறான் என்று நினைத்தாள்.

"அவ தலைவலின்னது நெசமாங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அடிக்க அவளுக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"நெசம்தான். நீ அறைஞ்சப்பவும் வலிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

காசியம்மா கண் திறக்காமலே மறுநாள் செத்துப்போனாள். முத்தையன் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம், உள்ளே சுவாமிநாதன் கை கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த பெண்ணின் முகத்தில் திரிபுரசுந்தரி முகமூடியை வைத்தாள்.