வீட்டு ஆள்

கோர்ட் அமீனா வெங்கடசாமி மூன்றாவது முறையாக அந்த லிங்கராஜபுரத்து வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது பெர்னதெத் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முதல் இரண்டு தடவையும் மேஸ்திரி மதலைமுத்து சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒப்பித்தாள்: "அவரு ஊர்ல இல்ல சார். நான் வேலைக்காரி." வேலைக்காரியிடம் சம்மன் கொடுக்கக் கூடாது, வீட்டு ஆளிடம் கொடுக்கலாம். சட்டம் அப்படி. பேப்பர் சேராதவரை கேஸ் நகராது, வீடு தப்பும் என்று மதலைமுத்து கணக்குப் போட்டிருந்தான். கேஸ் போட்டது யாரென்று மட்டும் சொல்லவில்லை.

அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒன்பது வருஷமாக அவனோடு குடித்தனம் செய்பவள். இந்தச் சுவருக்குச் செங்கல்லும் ஜல்லியும் சுமந்த சித்தாள். வாயால் சொன்னால் தேய்ந்தா போய்விடும்?

"இன்னைக்கும் இல்லையா? அத்திபெலேல இருக்கற லீனா போட்ட கேஸும்மா," சம்மனில் இருந்த கன்னட எழுத்தை அமீனா தமிழில் சொன்னார். "மதலைமுத்து சம்சாரம். வூட்ல பாதி கேக்கறாங்க."

சம்சாரம். அவனை விட்டுப் போனவள் கூடத்துக் கல்யாணப் படத்தில் இன்னும் பூச்செண்டோடு நிற்கிறாள். வாராவாரம் அதில் தூசி தட்டுகிறவள் இவள். ஒரு கல் தூக்காதவள் தாளில் சம்சாரம். தூக்கினவள் வாசலில் வேலைக்காரி.

"குடுங்க."

"உங்கிட்டயா? வேலைக்காரின்னு நீதானம்மா சொன்னே, ரெண்டு வாட்டி?"

"பொய் சொன்னேன். நான் இந்த வூட்டு ஆளு."

"அவருக்கு இன்னா ஆகணும்னு எழுதட்டும்?"

செதிள் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தாள். "கூட வாழறவ. அவளுக்கு எழுதினதவிடப் பெருசா எழுதுங்க."

"அதுக்கெல்லாம் இதுல எடமில்லம்மா. வீட்டு ஆளுன்னே போடறேன்." மைப்பெட்டியை நீட்டினார். அவள் கட்டைவிரல் தாளில் வெறும் ஊதாத் திட்டாக விழுந்தது. "இன்னாம்மா, ரேகையே இல்ல?"

"சிமெண்ட் தின்னுடுச்சு."

"இன்னொரு வாட்டி, அழுத்தி வை."

அழுத்தி வைத்தாள்.

மத்தியானம் மதலைமுத்து சாப்பிட வந்தான். "எவனாச்சும் வந்தானா?"

அவள் சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள். பீங்கானின் வெள்ளை விளிம்பில் ஊதாக் கறை. அவன் அதைப் பார்த்தான்; பிறகு மை ஒட்டிய அவள் கட்டைவிரலைப் பார்த்தான். சோற்றில் வைத்த கை அசையவில்லை. அவள் மீன்குழம்பை ஊற்றினாள். அவன் போதும் என்று சொல்லவில்லை. குழம்பு விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.