மழைப் பக்கம்

புதன்கிழமை காலை, உலகம் தைக்கும் பட்டறையின் இரண்டாம் மாடியில், மழைப் பக்கம் மட்டும் இன்னும் உலர்ந்தே கிடந்தது. மலைப் பக்கம் கையில் கனக்கிறது, கடல் பக்கத்தை நக்கினால் உப்புக் கரிக்கிறது, அவள் எழுதிய மழையில் விரலை வைத்தால் வெறும் காகிதம்... மறுபடியும். எழுத்தில் குறையில்லை, கருமேகம், மண்வாசனை, தகரத்தில் சடசடக்கும் முதல் துளிகள், எல்லாம் இருக்கிறது, ஆனால் எழுதுகிறவளுக்குள் நனையாதது பக்கத்திலும் நனையாது, தொழிலின் முதல் பாடமே அதுதான். போன மாதம்வரை அவள் எழுதிய மழையெல்லாம் பெய்தது. போன மாதம் தம்பியைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனபோதும் மழைதான், எல்லோரும் குடைக்கு அலைந்தார்கள், அவள் நடுத்தெருவில் நின்றாள், ஈரமே தெரியவில்லை, சித்தி யாரிடமோ சொன்னாள், "கல்லு மாதிரி நிக்கிறா பாரு"... கல்லுக்காவது பாசி பிடிக்கும். அழ நினைத்தாளா? நினைத்தாள், வராத அழுகையை யாரிடம் போய் இரவல் கேட்பது?

"என்னடி, இன்னும் பெய்யலியா?" பக்கங்களைத் தைக்கும் ஊசி அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி வந்து நின்றாள். "மத்தியானத்துக்குள்ள தைக்கலேன்னா இந்த உலகம் பொறக்காமலே போயிடும். முடியலேன்னா சொல்லு, வேற ஆள எழுதச் சொல்றேன். தப்பில்ல."

சொல்லலாம்தான், சொன்னால் ஓய்வெடு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டு வாசலில் தம்பியின் செருப்பு இன்னும் கிடக்கிறது, ஒன்று நேராக, ஒன்று குப்புற... அக்கா ஊசி எடுக்கத் திரும்பினாள். எழுதுகிறவளின் விரல்கள் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளருக்குள் போயின, அவள் போகச் சொல்லவில்லை, பக்கத்தின் மேல் வந்து உதறின, சொட்டு, இன்னொரு சொட்டு, மை லேசாகக் கலங்கியது.

அக்கா தொட்டுப் பார்த்தாள். "அப்பாடா, வானம் கண்ணத் தொறந்துச்சு! இனி உள்ள இருக்கிற சனங்க வெதைப்பாங்க."

விதைப்பார்களா... அதை அவள் யோசிக்கவே இல்லையே, இப்போதாவது சொல்லிவிடலாமே, வாய் ஏன் திறக்கவில்லை? ஊசி ஏறி இறங்கியது, முடிச்சு விழுந்தது. தைத்த உலகைப் பிரிக்க முடியாது, பிரித்தால் உள்ளே யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

மாலையில், புத்தகமாகத் தைத்து முடித்த உலகின் அட்டைமேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே சடசடவென்ற சத்தம், வயலில் நனைகிற தம்பியை எந்த அக்காவாவது உள்ளே வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருப்பாளோ, அவன் வர மாட்டான், இவள் தம்பியும் அப்படி வந்ததில்லை... கை சில்லிட்டது. நடுத்தெருவில் தெரியாத ஈரம் இங்கே எப்படித் தெரிகிறது?

வியாழக்கிழமை காலை, டம்ளர்ச் சொட்டுகள் உலர்ந்து, அட்டை சுட்டது. அந்த உலகில் அதன்பிறகு மழை பெய்யவில்லை.